உறைபனி வந்தால் ஸ்பிரிங்ளர் தானாக ஓட

ஜனவரியில் ஊட்டிப் பக்கம் உருளைக்கிழங்கு போட்டவர்களுக்குத் தெரியும், விடியற்காலை மூன்று மணிக்கு டார்ச்சோடு போய் மோட்டார் போடுவது என்ன பாடு என்று. குளிர் நாட்டு ரயில்வேயில் தண்டவாளம் பிரியும் இடத்து ஹீட்டரை சென்சாரே போட்டுவிடும். அங்கே வானத்திலிருந்து பனி கொட்டும் என்பதால் அது ஈரம், குளிர் இரண்டையும் பார்க்கும். நமக்கு விழுவது உறைபனிதான், குளிரை மட்டும் பார்த்தால் போதும்.

சென்சாரை எங்கே வைக்கிறீர்கள் என்பதில்தான் முக்கால்வாசி வேலை. மோட்டார் ரூம் சுவரில் மாட்டாதீர்கள். காற்றும் மேகமும் இல்லாத ராத்திரியில் குளிர்ந்த காற்று கனமாகிப் பள்ளத்தில் போய்த் தேங்கும். அதனால் தோட்டத்தின் தாழ்ந்த மூலையில், செடி உயரத்தில், மேலே வானம் தெரிகிற மாதிரி ஒரு குச்சியில் கட்டுங்கள், ஸ்பிரிங்ளர் தண்ணீர் மட்டும் அதன்மேல் படக்கூடாது. கட்டும் முன் நொறுக்கிய ஐஸும் தண்ணீரும் கலந்த டம்ளரில் முக்கிப் பாருங்கள், 0 காட்ட வேண்டும். என்னுடையது 1.3 காட்டியது, கன்ட்ரோலரில் (சென்சார் சொல்லும் குளிரைப் பார்த்து மோட்டாரை ஆன், ஆஃப் செய்யும் பெட்டி) திருத்திக்கொண்டேன்.

கன்ட்ரோலர் ஹீட்டிங் மோடில் (குளிர்ந்தால் ஆன் ஆகும் மோட்) இருக்கட்டும், 2 டிகிரியில் ஆன், 5-இல் ஆஃப். மோட்டார் வயரை நேராக அதில் கொடுத்தால் உள்ளே இருக்கும் ரிலே என்ற சின்ன சுவிட்ச் கருகிவிடும். நடுவில் மோட்டார் கரண்டைத் தாங்கும் பெரிய சுவிட்சான கான்டாக்டர் கட்டாயம், அதை எலக்ட்ரீஷியனை வைத்தே செய்யுங்கள்.

அப்புறம், ஓட ஆரம்பித்தால் நடுவில் நிற்கக்கூடாது. 1 கிராம் தண்ணீர் உறையும்போது சுமார் 80 கலோரி வெப்பம் விடுகிறது, இலையைக் காப்பது அதுதான். பாதியில் நின்றால் ஈரம் ஆவியாகி செடி இன்னும் குளிர்ந்துபோகும். வெயில் வந்து ஐஸ் உருகும் வரைக்கும் தொட்டித் தண்ணீர் போதாது என்றால் ஸ்பிரிங்ளரே வேண்டாம், காய்ந்த புல்லைப் போட்டு மூடிவிடுங்கள்.