பெரூஸ் வேறு, பர்சூ வேறு

பாரிமுனை தம்புச் செட்டித் தெருவில் ஒரு டைப்பிங் கடை. என் முறைக்காக நின்றிருந்தேன். முன்னால் ஒரு பையனின் பயோடேட்டா திரையில் ஓடியது: 'ஐ ஆம் பெரூசிங் பி.காம்.'

"தம்பி, அது பர்சூயிங்."

"ரெண்டும் ஒண்ணுதானேண்ணா?"

இல்லை. பர்சூ என்றால் தொடர்வது. பெரூஸ் என்றால் ஊன்றிப் படிப்பது. இரண்டுமே அகராதியில் உள்ள சொற்கள் என்பதால் கம்ப்யூட்டர் சிவப்புக் கோடு போடாது. தப்பு அப்படியே இன்டர்வியூ வரை போய்விடும்.

இதைவிடப் பெரிய குழப்பம் பொருளில்தான். "சும்மா ஒரு தடவை பெரூஸ் பண்ணிடுங்க" என்று ஆபீஸில் சொல்வார்கள். மேலோட்டமாகப் புரட்டினால் போதும் என்ற நினைப்பில். ஹைகோர்ட் உத்தரவுகளில் ஆவணங்களை 'பெரூஸ்' செய்ததாக வரும். நீதிபதி நுனிப்புல் மேய்ந்தார் என்று எடுத்துக்கொண்டால் கட்சிக்காரர் கதி என்ன?

சொல்லின் பிறப்பைப் பார்த்தால் தெளிவாகும். 'முழுக்க' என்று பொருள்படும் லத்தீன் முன்னொட்டு 'பெர்'. அதோடு நமக்குத் தெரிந்த 'யூஸ்'. 15ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இதற்குப் பயன்படுத்தித் தீர்ப்பது என்று பொருள். சோப்பைச் சில்லாகும்வரை தேய்ப்போமே, அப்படி. அடுத்த நூற்றாண்டில் ஒவ்வொன்றாகப் பார்த்து ஆராய்வது, படிப்பது என்று மாறியது. படிப்பதற்கு மட்டும்தான் என்றும் இல்லை. ஷேக்ஸ்பியரின் ரோமியோ, கல்லறையில் தான் கொன்றவன் யாரென்று உற்றுப் பார்க்கும்போது அந்த முகத்தைத்தான் 'பெரூஸ்' செய்கிறான்.

மேலோட்டமாகப் பார்ப்பது என்ற பொருளையும் இன்று மெரியம் வெப்ஸ்டர் அகராதி தருகிறது. அதனால் அதைத் தப்பென்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் எதிரும் புதிருமான இரண்டு பொருள் ஒரே சொல்லில் இருந்தால், மெயிலைப் படிப்பவர் எதை எடுத்துக்கொள்வார்? கவனமாகப் படிக்க வேண்டுமென்றால் 'ரீட் கேர்ஃபுல்லி' என்றே எழுதிவிடலாம்.

அப்புறம், 'பெரூஸ் த்ரூ' வேண்டாம்; அந்த 'த்ரூ' இல்லாமலே சொல் நிற்கும். உச்சரிப்பில் 'ரூ'வை அழுத்துங்கள், கடைசி எழுத்து 'யூஸ்' பண்ணு என்பதில் வருவது போல அதிரட்டும். குறுக்கினால் 'பெருசு' ஆகிவிடும், பக்கத்தில் யாராவது தாத்தா திரும்பிப் பார்ப்பார்.

பையன் திருத்திக்கொண்டான். கடிதத்தின் கடைசியில் 'ஃபார் யுவர் கைண்ட் பெரூசல்' என்றும் இருந்தது. நம் 'தங்கள் மேலான பார்வைக்கு' கோட்டு சூட்டுப் போட்ட மாதிரி. பழைய வாடை அடிக்கிறதே தவிர, தப்பில்லை. விட்டுவிட்டேன்.