படையிலிருந்து கொல்லைக்கு: முன்னாள் படைவீரர் சிறு பண்ணை அமைக்கும் முறை

வேலூர், திருப்பத்தூர், திருவண்ணாமலை மாவட்டங்களில் தலைமுறை தலைமுறையாகப் படைக்கு ஆள் அனுப்பும் ஊர்கள் பல உண்டு. வேலூரை அடுத்த கம்மவான்பேட்டை அவற்றுள் பெயர் பெற்றது. சிப்பாயாகச் சேர்ந்தவர்களில் பலர் நாற்பது வயதையொட்டி ஓய்வு பெற்று இவ்வூர்களுக்குத் திரும்புகிறார்கள். உடலில் வலு இருக்கிறது, மாதந்தோறும் ஓய்வூதியம் வருகிறது, கையில் ஒரு பெருந்தொகையும் இருக்கிறது. கார்கில் மலைமுகட்டிலோ சியாச்சினிலோ காஷ்மீர் எல்லையிலோ பணியாற்றிவிட்டு, இனி சொந்த மண்ணில் பயிர் செய்து வாழலாம் என்று வருபவருக்காக இதை எழுதுகிறேன். பண்ணை முதலில் வீட்டுக்குச் சோறு போட வேண்டும், சந்தைக்கு அனுப்புவது அதற்குப் பிறகுதான் என்ற வரிசையை மாற்றாமல் வைத்துக்கொண்டால், மற்ற முடிவுகளை எடுப்பது எளிதாகும்.

முதலில் பணம். ஓய்வூதியத்தில் பாதி வரை முன்கூட்டியே மொத்தமாகப் பெற்றுக்கொள்ளும் வசதி படைவீரருக்கு உண்டு. அப்படிப் பெற்றால் மாத ஓய்வூதியம் அந்த அளவுக்குக் குறைந்து, 15 ஆண்டுகளுக்குப் பிறகே முழுமையாகத் திரும்பும். இந்தத் தொகையோடு பணிக்கொடையும் சேமநிதியும் சேர்ந்து வரும் மாதத்தில்தான் நிலத்தரகர்களும் ஆழ்துளைக் கிணறு தோண்டுபவர்களும் வீட்டு வாசலுக்கு வருகிறார்கள். எங்கள் பகுதி கடும்பாறை நிலம். ஆயிரம் அடி தோண்டியும் புழுதி மட்டுமே வந்த கொல்லைகள், அதாவது புன்செய் நிலங்கள், ஏராளம். ஆகவே மொத்தத் தொகையில் ஒரு பங்கைப் பிள்ளைகளின் படிப்புக்காகத் தொடாமல் ஒதுக்கி வைத்துவிட்டு, வீட்டுச் செலவை ஓய்வூதியத்துக்குள் அடக்கிக்கொண்டு, மீதியில்தான் நிலத்தையும் நீரையும் பற்றி யோசிக்க வேண்டும்.

புதிதாக நிலம் வாங்குவதாயின் மூலப்பத்திரத்தையும் 30 ஆண்டுகளுக்குக் குறையாத வில்லங்கச் சான்றையும் பட்டாவையும் பயிர் விவரம் காட்டும் அடங்கலையும் புல வரைபடத்தையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பாருங்கள். பலர் பெயரில் உள்ள கூட்டுப்பட்டாவாக இருந்தால் உட்பிரிவு செய்து கொடுத்த பின்பே முன்பணம் தருவது நல்லது. பட்டியல் சாதியினருக்காக ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலத்தை மற்றவர் வாங்குவது செல்லாது என்பதையும், அரசு நிபந்தனையுடன் ஒப்படை செய்த நிலத்தை விருப்பம்போல் விற்கவோ வாங்கவோ முடியாது என்பதையும் மறக்கக் கூடாது. வண்டிப்பாதை யாருடைய பட்டாவில் போகிறது என்பதைக் கிராம நிர்வாக அலுவலரிடம் மட்டுமன்றி, பக்கத்துக் கொல்லைக்காரரிடமும் நேரில் கேளுங்கள். பின்னாளில் வரும் வரப்புச் சண்டைகளில் பாதி இந்த ஒரு கேள்வியைக் கேட்காததால் வருபவை.

பெரும்பாலானோருக்குச் சொந்த நிலம் ஏற்கெனவே இருக்கும். நீங்கள் எல்லையில் இருந்த காலமெல்லாம் அதை நடத்தியவர் உங்கள் மனைவியோ அண்ணனோ வயதான தந்தையோதான். எந்த மூலையில் தண்ணீர் தேங்கும், எந்தச் சாலில் கோரை மண்டும், யாரை நடவுக்குக் கூப்பிட்டால் வருவார்கள் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். வந்த முதல் மாதமே எல்லாவற்றையும் மாற்றி, கட்டளை இடும் குரலில் வேலை வாங்கத் தொடங்கினால் வீட்டிலும் கொல்லையிலும் மனம் கசந்துவிடும். முதல் ஆண்டு அவர்களுக்குக் கீழே வேலை செய்யுங்கள் என்பதே என் உறுதியான கருத்து. அந்த ஓராண்டில் தென்மேற்குப் பருவ மழையும் வடகிழக்குப் பருவ மழையும் உங்கள் நிலத்தில் எப்படி விழுந்து எப்படி ஓடுகின்றன என்பதைக் கண்ணால் பார்த்துவிடலாம்.

நீர் விஷயத்தில் ஆழத்தை விட மேற்பரப்பையே நம்புங்கள். ஓர் ஏக்கரில் 25 மில்லிமீட்டர் மழை பெய்தால் ஏறத்தாழ ஒரு லட்சம் லிட்டர் நீர் விழுகிறது. நிலத்தின் தாழ்ந்த மூலையில் ஐந்து சென்ட் பரப்பில் ஆறடி ஆழத்துக்குப் பண்ணைக்குட்டை வெட்டினால், கரைச்சரிவு போக இரண்டரை லட்சம் லிட்டருக்கு மேல் பிடிக்கும். ஆடியில் விதைத்த பயிர் ஆவணியில் வாடும்போது ஒரு தண்ணீர் கட்ட அது உதவும். சரிவுக்குக் குறுக்காக உழுவதும், வரப்பை உயர்த்தி அதன் ஓரத்தில் கிளுவை மரத்தின் கிளைத்துண்டுகளான போத்துகளை நட்டு உயிர்வேலி அமைப்பதும் செலவு குறைந்த வேலைகள். சொட்டுநீர்ப் பாசனத்துக்குத் தமிழக அரசு சிறு, குறு விவசாயிகளுக்கு 100 விழுக்காடும் மற்றவர்களுக்கு 75 விழுக்காடும் மானியம் தருகிறது. ஐந்து ஏக்கருக்குள் நிலம் உள்ளவர் வட்டாட்சியரிடம் சிறு விவசாயி சான்று பெற்றுத் தோட்டக்கலை அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். பிரதமரின் விவசாயிகள் உதவித்தொகையை மட்டும் கணக்கில் சேர்க்காதீர்கள். மாத ஓய்வூதியம் 10,000 ரூபாயோ அதற்கு மேலோ பெறுபவரின் குடும்பத்துக்குப் பொதுவாக அது கிடையாது.

பயிரைப் பொறுத்தவரை, வீட்டைச் சுற்றிய கால் ஏக்கரிலிருந்து தொடங்குங்கள். முருங்கை, பப்பாளி, வாழை, கறிவேப்பிலை, எலுமிச்சை ஆகியவற்றைக் குளியலறைத் தண்ணீர் பாயும் வழியில் வைத்தால் தனிப் பாசனம் வேண்டாம். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி வெளியிட்ட பிகேஎம் 1 முருங்கை விதைத்த ஆறு மாதத்தில் காய்க்கத் தொடங்கும். புதிதாக இறங்குபவருக்கு இது மிகுந்த ஊக்கம் தரும். மானாவாரிக் கொல்லையில் ஆடிப்பட்டத்துக்கு வேர்க்கடலையை விதைத்து, ஆறு வரிசைக்கு ஒரு வரிசை துவரையை ஊடுபயிராகப் போடுங்கள். விதைக்கடலையைக் கிலோவுக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி என்னும் நன்மை செய்யும் பூஞ்சையைக் கலந்து நேர்த்தி செய்வது வேரழுகலைக் கட்டுப்படுத்தும். விதைத்த 40 முதல் 45 நாளுக்குள் களை எடுத்து, ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் இட்டு மண் அணைத்தால் காய் திரட்சியாகப் பிடிக்கும். கடலை பொய்த்தாலும் துவரை கைகொடுக்கும். கடலைக் கொடியும் துவரைப் பொட்டும் மாட்டுக்குத் தீனியாகும். கேழ்வரகுக்கு அரை ஏக்கர் ஒதுக்கினால் களிக்கும் கூழுக்கும் கடைக்குப் போக வேண்டியதில்லை.

கறவை மாடு ஒன்று, நாட்டுக்கோழி பத்து, வெள்ளாடு நான்கு என்ற அளவைத் தாண்டி முதல் இரண்டு ஆண்டுகளில் போக வேண்டாம். கடன் வாங்கி ஒரே நேரத்தில் பத்துக் கறவை மாடுகளைக் கட்டும் ஆசை பலருக்கு வருகிறது. பசுந்தீவனத்துக்கு நிலமும் நீரும் இல்லாமல் தவிட்டையும் புண்ணாக்கையும் விலைக்கு வாங்கிப் பால் கறந்தால் ஓய்வூதியம் மாட்டுக்கே போய்விடும்.

அடுத்துச் சொல்வதை யாரும் கூச்சத்தால் தள்ளிவைக்க வேண்டாம். போர்முனையில் இருந்துவிட்டு வந்தவர்களில் சிலருக்குத் தூக்கம் கெடுகிறது, திடீர் ஓசை உடலை உதற வைக்கிறது, காரணமில்லாமல் சினம் பொங்குகிறது. கிராமத்திலோ காட்டுப்பன்றியை விரட்ட இரவில் வெடி போடுவார்கள்; அதோடு, மிலிட்டரிக்காரர் வீட்டில் இருக்கிறார் என்பதாலேயே இராக்காவல் அவர் தலையில் விழும். தூக்கம் சரியில்லாதவர் மோட்டார் கொட்டகையில் தனியே படுப்பதைத் தவிர்த்து, காவலைப் பக்கத்துக் கொல்லைக்காரர்களோடு முறைவைத்துப் பிரித்துக்கொள்ள வேண்டும். எங்கே, எப்போது வெடி போடப் போகிறார்கள் என்று முன்கூட்டியே சொல்லச் சொல்லுங்கள்; காரணம் தெரிந்தால் ஊரார் மறுப்பதில்லை. மண்வேலை மனத்துக்கு இதம் தருவது உண்மை, ஆனால் அது மருத்துவத்துக்கு மாற்று ஆகாது. முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டத்தின் பாலிகிளினிக்கில் இதற்கும் சிகிச்சை கேட்கலாம். டெலி மனஸ் என்னும் அரசு மனநல உதவி எண்ணான 14416-இல் தமிழிலேயே பேசலாம். பன்றிக்காக வேலியில் நேரடி மின்சாரம் பாய்ச்சுவதை எந்த நிலையிலும் செய்யாதீர்கள். அது சட்டப்படி குற்றம், ஆண்டுதோறும் மனித உயிர்களையும் வாங்குகிறது.

கற்றுக்கொள்ள இடங்கள் உண்டு. ஓய்வுக்கு முன்பே, பாதுகாப்பு அமைச்சகத்தின் மறுவாழ்வு இயக்ககம் நடத்தும் பயிற்சிகளில் வேளாண்மை சார்ந்தது கிடைத்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். ஊர் வந்ததும் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் பதிந்துகொண்டு, வேளாண் அறிவியல் நிலையத்தில் மண்ணையும் கிணற்று நீரையும் பரிசோதனைக்குக் கொடுங்கள். மண் எடுக்கும்போது வயலின் பல இடங்களில் ஆங்கில 'வி' வடிவில் குழி வெட்டி, ஓரமாகச் சுரண்டி, எல்லாவற்றையும் கலந்து அரைக்கிலோ அனுப்ப வேண்டும். எருக்குழி அருகிலும் வரப்போரத்திலும் மரநிழலிலும் எடுத்த மண் தவறான முடிவையே தரும்.

வீட்டுத் தேவைக்குப் போக மிஞ்சுவதை விற்க உழவர் சந்தை போதும். பட்டா, சிட்டா நகலோடு விண்ணப்பித்தால், அலுவலர் வயலைப் பார்த்துவிட்டு அடையாள அட்டை தருவார். அட்டையில் உங்கள் மனைவியின் படத்தையும் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள், ஏனெனில் விடியற்காலையில் கடைக்கு ஒருவரும் பால் கறக்க ஒருவரும் தேவைப்படுவார்கள்.