'கெட்' வந்தால் அதற்கு அடுத்த சொல்லைப் பாருங்கள்

தமிழ்வழியில் படித்துவிட்டு வேலைக்குப் போன முதல் மாதம் அது. மேலாளர் ஒரு கணக்கை விளக்கி முடித்துவிட்டு "டிட் யூ கெட் இட்?" என்று கேட்டார். ஏதோ மெயில் அனுப்பியிருக்கிறார் போல என்று நான் இன்பாக்ஸைத் தேட ஆரம்பித்தேன். அவர் கேட்டது "புரிந்ததா?" என்றுதான். கெட் என்றால் 'பெறு' என்று ஒரே ஒரு அர்த்தத்தை மட்டும் படித்துவிட்டு வந்தால் இப்படித்தான் ஆகும், ஏனென்றால் ஆங்கிலம் பேசுகிறவர்கள் ஒரு நாளில் இந்தச் சொல்லைப் பயன்படுத்தும் பல இடங்களில் 'பெறு' பொருந்தவே பொருந்தாது.

அகராதியைத் திறந்தால் பத்தி பத்தியாக அர்த்தம் போட்டிருப்பார்கள். தயவுசெய்து அதை மனப்பாடம் செய்யாதீர்கள். கெட்டுக்கு அடுத்து என்ன சொல் வருகிறது என்று மட்டும் பாருங்கள், பெரும்பாலான இடங்களில் அதுவே அர்த்தத்தைச் சொல்லிவிடும். கெட்டின் இறந்தகாலம் காட் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு ஆரம்பிக்கலாம்.

படி 1: அடுத்து ஒரு பொருள் வந்தால்

இதுதான் எளிது. "ஐ காட் அ லெட்டர்" என்றால் கடிதம் வந்தது. "ஐ காட் அ ஜாப்" என்றால் வேலை கிடைத்தது. "வேர் டிட் யூ கெட் திஸ் ஷர்ட்?" என்றால் இந்தச் சட்டையை எங்கே வாங்கினாய்? "கெட் மீ சம் வாட்டர்" என்றால் கொஞ்சம் தண்ணீர் கொண்டு வா. "ஐ காட் அ கோல்ட்" என்றால் சளி பிடித்துவிட்டது. தமிழில் ஐந்து வினைச்சொற்கள், அங்கே ஒன்றே ஒன்று.

இங்கே நமக்கு வரும் சிக்கல் வேறு. நாம் "எனக்கு" என்று ஆரம்பிப்போம்: எனக்கு வேலை கிடைத்தது, எனக்குச் சளி பிடித்தது, எனக்குப் புரிந்தது. கெட் போட்டால் அந்த "எனக்கு" அப்படியே "ஐ" ஆகிவிடும். "டு மீ" என்று எங்கேயும் சேர்க்க வேண்டாம். என் மேலாளர் கேட்ட கேள்வியும் இந்த வகைதான்: அவர் சொன்ன விஷயம் என் கைக்கு வந்து சேர்ந்ததா என்பதுதான் "டிட் யூ கெட் இட்?" புரியவில்லை என்றால் "ஐ டோன்ட் கெட் இட்".

படி 2: அடுத்து ஒரு நிலையைச் சொல்லும் சொல் வந்தால்

கோல்ட், டார்க், வெட், ஓல்ட் மாதிரி பெயரடை வந்தால் கெட் என்பது நம்முடைய 'ஆகு', 'போ' மாதிரி வேலை செய்யும். "தி காஃபி காட் கோல்ட்": காபி ஆறிப்போனது. "வீ காட் வெட்": நனைந்துவிட்டோம். "இட்ஸ் கெட்டிங் டார்க்": இருட்டிக்கொண்டு வருகிறது. "ஐ ஆம் டயர்ட்" என்றால் இப்போது களைப்பாக இருக்கிறேன், "ஐ காட் டயர்ட்" என்றால் முதலில் தெம்பாக இருந்தேன், அப்புறம் களைத்துப் போனேன். மாற்றம் நடந்தால்தான் கெட்.

இந்தப் படியில் கொஞ்சம் நில்லுங்கள், தமிழ் பேசுகிறவர்கள் அதிகம் தவறும் இடம் இது. கோபம், பசி, தூக்கம் எல்லாம் தமிழில் பெயர்ச்சொல், அவை நம்மிடம் 'வரும்'. அந்தப் பழக்கத்தில் "ஐ காட் ஆங்கர்", "ஐ காட் ஸ்லீப்" என்று சொல்லிவிடுகிறோம். ஆங்கிலத்தில் இங்கே பெயரடைதான் வேண்டும்: "ஐ காட் ஆங்க்ரி", "ஐ காட் ஹங்ரி", "ஐ காட் ஸ்லீப்பி". சொல்லின் கடைசியில் வரும் அந்த 'ஈ' ஒலியை விடாமல் சொல்லிப் பழகுங்கள்.

படி 3: அடுத்து ஒரு இடம் வந்தால்

போய்ச் சேர்வது. "ஐ காட் டு மதுரை அட் நைன்" என்றால் ஒன்பது மணிக்கு மதுரை வந்து சேர்ந்தேன். இடத்துக்கு முன்னால் 'டு' கட்டாயம், ஆனால் ஹோம், ஹியர், தேர் மூன்றுக்கும் 'டு' கிடையாது: "ஐ காட் ஹோம் லேட்".

வண்டி விஷயத்தையும் இங்கேயே பார்த்துவிடலாம். நமக்கு பஸ்ஸானாலும் காரானாலும் ஏறு, இறங்கு போதும். ஆங்கிலத்தில் பிரிப்பார்கள். எழுந்து நடக்க முடிகிற பஸ், ரயில், விமானத்துக்கும், கால் போட்டு உட்காரும் பைக், குதிரைக்கும் "கெட் ஆன்", "கெட் ஆஃப்". குனிந்து உள்ளே போய் உட்காரும் கார், டாக்ஸிக்கு "கெட் இன்", "கெட் அவுட்". இந்தியாவில் "கெட் டவுன்" என்றாலே எல்லோருக்கும் புரியும், ஆனால் லண்டனிலோ நியூயார்க்கிலோ பஸ்ஸில் இறங்குவதற்கு "கெட் ஆஃப்" என்றுதான் சொல்வார்கள்.

படி 4: பிறரைக் கொண்டு செய்வது

எனக்கு மிகவும் பிடித்த பயன்பாடு இது. சலூனுக்குப் போய் முடி வெட்டிக்கொண்டு வந்து "ஐ கட் மை ஹேர்" என்று சொன்னால், கண்ணாடி முன்னால் நின்று நீங்களே கத்தரித்துக்கொண்டது போலத்தான் முதலில் தோன்றும். வேறொருவர் வெட்டினார் என்றால் "ஐ காட் மை ஹேர் கட்". போனைக் கடையில் கொடுத்துச் சரிசெய்தால் "ஐ காட் மை ஃபோன் ரிப்பேர்ட்". வரிசை முக்கியம்: கெட், அப்புறம் பொருள், அப்புறம் வினையின் மூன்றாவது வடிவம், அதாவது வகுப்பில் வி த்ரீ என்று சொல்வார்களே, அது.

செய்தவரைச் சொல்ல வேண்டும் என்றால் வேறு வரிசை: "ஐ காட் ஹிம் டு சைன்", அவரைக் கையெழுத்துப் போட வைத்தேன். இங்கே 'டு' உண்டு. இதே அர்த்தத்தில் 'மேக்' போட்டால் 'டு' போய்விடும்: "ஐ மேட் ஹிம் சைன்". இரண்டுக்கும் தொனியும் வேறு. மேக் என்றால் கட்டாயப்படுத்தியது போல இருக்கும், கெட் என்றால் பேசிச் சம்மதிக்க வைத்தது போல இருக்கும்.

படி 5: கெட்டுக்கு அடுத்து நேரடியாக வி த்ரீ வந்தால்

நடுவில் பொருள் இல்லாமல் வி த்ரீ ஒட்டி வந்தால், அது நமக்கு நேர்ந்தது. "மை பைக் காட் ஸ்டோலன்": பைக் திருடு போனது. "ஹீ காட் ஹர்ட்": அவனுக்கு அடிபட்டது. நம்முடைய 'படு' செய்யும் வேலை இது. "ஷீ காட் மேரிட்", அவளுக்குக் கல்யாணம் ஆனது, இதே அமைப்புதான். யாருடன் என்று சொல்லும்போது மட்டும் கவனம், 'வித்' வராது, "காட் மேரிட் டு" என்றுதான் வரும்.

படி 6: 'ஹேவ் காட்' தனி

"ஐ ஹேவ் காட் டூ பிரதர்ஸ்" என்றால் எனக்கு இரண்டு சகோதரர்கள் இருக்கிறார்கள், அவ்வளவுதான். "ஐ ஹேவ் காட் டு கோ" என்றால் போயாக வேண்டும். அமெரிக்கர்கள் 'காட்டன்' என்று ஒரு வடிவம் வைத்திருக்கிறார்கள். அவர்கள் "ஹேவ் காட்" என்றால் இருக்கிறது, "ஹேவ் காட்டன்" என்றால் கிடைத்திருக்கிறது அல்லது ஆகியிருக்கிறது. பிரிட்டனில் பெரும்பாலும் இரண்டுக்கும் காட் ஒன்றே.

இந்தச் சொல் இங்கிலாந்திலேயே பிறந்தது இல்லை. 9ஆம் நூற்றாண்டில் வடக்கிலும் கிழக்கிலும் வந்து குடியேறிய வைக்கிங்குகளின், அதாவது ஸ்காண்டிநேவியக் கடலோடிகளின், பழைய நார்ஸ் மொழியில் 'கெட்டா' என்று இருந்தது, அதிலிருந்து வந்தது. எக், ஸ்கை, விண்டோ எல்லாம் அதே வழியில் வந்தவை. ஆங்கிலத்தில் ஏற்கெனவே அதன் உறவுச் சொல் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது, 'ஃபர்கெட்'டின் கடைசியில் இருக்கிறதே, அதுதான். பிடியில் இருந்ததை விட்டுவிடுவதுதான் மறப்பது.

எழுத்தில் மட்டும் ஒரு அளவு வேண்டும். வேலைக்கு விண்ணப்பிக்கும் கடிதத்தில் கெட்டைக் குறைத்து ரிசீவ், பிகம், அரைவ் என்று எழுதுங்கள். பேச்சில் தயங்காமல் கெட் போடுங்கள்.

சரி, இன்று இரவே பயிற்சியை ஆரம்பித்துவிடலாம். காலையிலிருந்து உங்களுக்கு நடந்ததை முதலில் தமிழில் ஐந்து வரி எழுதுங்கள்: வெளியே போனபோது நனைந்தேன், பஸ் கிடைத்தது, ஆபீஸ் வந்து சேர்ந்தேன், லேப்டாப்பைக் கடையில் கொடுத்துச் சரிசெய்தேன், மாலையில் தலைவலி வந்தது. ஒவ்வொன்றுக்கும் எந்தப் படி என்று ஓரத்தில் எண் போட்டுவிட்டு, அப்புறம் கெட் வைத்து ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள். நான்காவது வரியில் கெட்டுக்கு அடுத்து லேப்டாப்பைப் போட்டு, வி த்ரீயைக் கடைசியில் போடுங்கள்.