லென்ஸைக் கொடுத்துவிட்டு வந்துவிடாதீர்கள்

பார்வை மங்கிய முதியவர்களுக்கு வீட்டிலேயே பயிற்சி தரும் வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளோடு அவ்வப்போது கூடப் போகிறேன். எங்கள் தலைமுறை அடித்த அதே கூத்தை ஒன்று விடாமல் அடிக்கிறார்கள். காது கேட்காதவரிடம் பேசுவதைப் போலக் கத்தக் கூடாது, கட்டிலை இடம் மாற்றக் கூடாது என்பதெல்லாம் யாரும் சொல்லாமலே தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

பலமான லென்ஸ்தான் நல்ல லென்ஸ் என்று நம்புவது

இதை நினைத்தால் இப்போதும் எரிச்சல் வருகிறது. தேனிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஒரு பெரியவர். கண் நீர் அழுத்த நோயில் (கிளாக்கோமா) பக்கவாட்டுப் பார்வை போய், குழாய்க்குள் பார்ப்பது போல நடுவில் மட்டும் கொஞ்சம் மிச்சம். கண் முகாமில் அவருக்கு எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டும் 20 டயாப்டர் (லென்ஸின் பலத்தைச் சொல்லும் அளவு) கைலென்ஸ் ஒன்றைக் கொடுத்து, கையெழுத்து வாங்கி, போட்டோவும் எடுத்திருந்தார்கள். நாங்கள் போனபோது அது பிளாஸ்டிக் உறையோடு பீரோவில் கிடந்தது. "அதை வைத்துப் பார்த்தால் எழுத்தெல்லாம் தலைகீழாகத் தெரிகிறது தம்பி" என்றார். உடன் வந்த பையன் சிரித்துவிட்டான்.

அவர் சொன்னது முழு உண்மை. 100-ஐ டயாப்டரால் வகுத்தால் லென்ஸைத் தாளிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் தள்ளிப் பிடிக்க வேண்டும் என்பது கிடைக்கும். 20 டயாப்டருக்கு 5 சென்டிமீட்டர். பெரியவர் செய்தித்தாளை மடியில் விரித்து, லென்ஸை ஒரு அடி உயரத்தில் பிடித்து, நிமிர்ந்து உட்கார்ந்து பார்த்தார். அப்படிப் பிடித்தால் யாருக்கும் தலைகீழாகத்தான் தெரியும். பலம் கூடக் கூட லென்ஸின் அகலம் சுருங்கும். கண்ணை லென்ஸுக்கு அருகே கொண்டுபோனால்தான் நாலு எழுத்து சேர்ந்து தெரியும். கை நடுங்குபவருக்கு இது ஆகாது. காலோடு நிற்கும் லென்ஸ், தாளின் மேல் வைத்து நகர்த்துவது, அவருக்கு வேண்டும்.

அதைவிடப் பெரிய தப்பு, பார்வை வட்டமே சுருங்கிப்போன மனிதருக்கு எழுத்தை ஊதிப் பெரிதாக்கிக் காட்டியது. இருக்கிற சிறு வட்டத்துக்குள் ஒரே ஒரு எழுத்துதான் நிற்கும். விழித்திரையின் நடுப்பகுதி கெட்டவருக்கு உருப்பெருக்கம் கைகொடுக்கும். இவருக்கு நல்ல வெளிச்சமும் கறுப்பு மையில் தெளிவான அச்சும் அதைவிட உதவும்.

சரி, அவருக்கு என்ன பார்க்க வேண்டியிருந்தது? யாரும் கேட்கவே இல்லை. காலை மாத்திரை அட்டை எது, இரவு மாத்திரை அட்டை எது என்று தெரிந்தால் போதும் என்றார். இரவு அட்டையில் ஒரு ரப்பர் பாண்டைச் சுற்றினோம். வேலை முடிந்தது.

ஆனால் அதற்குள் நடக்கக் கூடாதது நடந்திருந்தது. "லென்ஸே பலிக்கவில்லை, இனி இந்தக் கண்ணுக்கு மருந்து எதற்கு" என்று சொட்டு மருந்தை நிறுத்தியிருந்தார். இந்த நோயில் போன பார்வை திரும்பாது. மிச்சமிருப்பதைக் காப்பதற்குத்தான் சொட்டு. அந்த மிச்சத்திலும் ஒரு பங்கு போய்விட்டது. முகாம் அறிக்கையில் மட்டும் அவர் இன்றும் 'பயனாளி'.

கொடுப்பதற்கு முன் கேளுங்கள்: எதைப் பார்க்க வேண்டும், எங்கே உட்கார்ந்து, எந்த வெளிச்சத்தில்? கையில் பிடிக்கும் லென்ஸை உரிய தூரத்தில் பிடிக்கும்போது தூரத்தைப் பார்க்கும் கண்ணாடி போட்டிருக்க வேண்டும், காலோடு நிற்கும் லென்ஸுக்குப் படிக்கும் கண்ணாடி. அவர் கையாலேயே பிடித்து, அவர் வீட்டுத் தாளையே படிக்கும்வரை எழுந்திருக்காதீர்கள். சில வாரம் கழித்து மறுபடி போங்கள்.

லென்ஸை ஜன்னலோரம் வைப்பது

வெயில் பட்டால் தீப்பிடிக்கும்.

கையைப் பிடித்து இழுப்பது

உங்கள் முழங்கையை அவர் பிடிக்கட்டும். நீங்கள் அரை எட்டு முன்னால் நடங்கள்.

பிரெயில் (விரலால் தடவிப் படிக்கும் புள்ளி எழுத்து) ஆசை

சர்க்கரை நோயில் பார்வை போனவருக்கு விரல் நுனி உணர்வும் மங்கியிருக்கலாம். கைபேசியைத் தமிழில் பேச வையுங்கள்.

மாற்றுத்திறனாளி சான்றிதழ் நிச்சயம் என்று வாக்குக் கொடுப்பது

கண்ணாடி போட்ட பிறகு, இரண்டில் நல்ல கண் எவ்வளவு பார்க்கிறது என்பதுதான் முதல் கணக்கு. ஒரு கண் முழுதாகப் போயிருந்தாலும் மறு கண் நன்றாக இருந்தால், சலுகைகளுக்கு வேண்டிய 40 விழுக்காட்டுக் குறைபாட்டை எட்டாது. மருத்துவக் குழு கூடும் நாளில் எழுபது வயதுக்காரரைப் பஸ் ஏற்றி வீணாக அலையவிடாதீர்கள்.

கண்ணுக்குத் தெரியும் உருவங்களை விசாரிக்காமல் விடுவது

சுவரோரம் சின்னப் பிள்ளைகள் நிற்கிறார்கள், தரையெல்லாம் பூக்கோலம் என்று சில அப்பத்தாக்கள் சொல்வார்கள். அதுவும் எல்லோரிடமும் சொல்வதில்லை. சொன்னால் பேய் பிடித்தது என்று கோடாங்கியிடம் கூட்டிப்போவார்கள், இல்லையென்றால் புத்தி பேதலித்துவிட்டது என்பார்கள் என்ற பயம். கண்ணிலிருந்து வரும் செய்தி குறையும்போது மூளை தானே படம் போட்டுக்கொள்கிறது. சார்ல் பொன்னே என்ற ஜெனிவா இயற்கையியலாளர் தம் தாத்தாவுக்கு இப்படி நேர்ந்ததை 1760-இல் எழுதிவைத்தார். அவர் பெயரில்தான் இந்த நிலை அறியப்படுகிறது. நீங்களாகவே கேளுங்கள். "இது பலருக்கும் வருவதுதான் அம்மா" என்ற ஒரு பேச்சிலேயே பாதி பயம் போய்விடும். விளக்கைப் போடச் சொல்லுங்கள், கண்ணை இடமும் வலமும் வேகமாக அசைக்கச் சொல்லுங்கள். பலருக்கு உருவம் கலைந்துவிடும். உருவம் பேசுகிறது என்றாலோ, அது நிஜம்தான் என்று அவர் சாதித்தாலோ, அது வேறு சங்கதி, மருத்துவரிடம் அனுப்புங்கள்.