பின்லாந்து இடது கூட்டணியின் கதையை ஒரே மாலையில் சொல்லி முடிப்பது எப்படி

புதுச்சேரியில் வாசிப்பு வட்டத்தில் இதைப் பேசப் போகிறீர்களா? கட்சி பிறந்த வருடம் 1990 என்றாலும் அங்கே தொடங்காதீர்கள். பலகையில் முதலில் 1918 என்று எழுதுங்கள்: பின்லாந்து உள்நாட்டுப் போரில் தொழிலாளர் தரப்பான செம்படையினர் தோற்று, தப்பி ஓடியவர்கள் மாஸ்கோவில் பின்லாந்து கம்யூனிஸ்ட் கட்சியைத் தொடங்கிய வருடம். 1944 வரை சொந்த நாட்டில் அதற்குத் தடை. தடை நீங்கியதும் மற்ற இடதுசாரிகளையும் சேர்த்து மக்கள் ஜனநாயக லீக் அமைந்தது. 1958 தேர்தலில் 200 இடங்களில் 50 பிடித்து முதலிடம் வந்தும் ஆட்சியில் சேர்க்க ஆளில்லை, 1966-இல்தான் மறுபடி மந்திரி பதவி.

அப்புறம் 1968, இங்கே நிதானமாகப் போங்கள். செக்கோஸ்லோவாக்கியாவுக்குள் சோவியத் படை நுழைந்ததைக் கம்யூனிஸ்ட் கட்சித் தலைமை கண்டித்தது, தாய்ஸ்தோ சினிசாலோவின் சிறுபான்மை ஏற்கவில்லை. புதுச்சேரி கம்யூனிஸ்ட் தலைவர் வ. சுப்பையா காலத்துக் கதை கேட்டு வளர்ந்த பெரியவர் யாராவது இருந்தால் "நம்ம இந்திய கம்யூனிஸ்ட் கட்சியின் 1964 பிளவு மாதிரிதானே?" என்பார். இல்லை ஐயா, இங்கே உடனே இரண்டு கட்சி ஆனது, அங்கே ஒரே கட்சிக்குள் இரண்டு முகாம் வருடக்கணக்கில் முறைத்துக்கொண்டே இருந்து 1980களில்தான் உடைந்தது என்று சொல்லுங்கள்.

1990-இல் இரு தரப்பும் இடது கூட்டணியில் சேர்ந்தன. முதல் தலைவர் கிளேஸ் ஆண்டர்சன் கவிஞர், மனநல மருத்துவர், ஜாஸ் பியானோ கலைஞர். தூங்குகிறவர்களும் இந்த இடத்தில் எழுந்துவிடுவார்கள். பிறகு தலைவராக வந்த லீ ஆண்டர்சன் அவருக்கு உறவில்லை, அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சரி, 2024 ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலுக்கு ஒரு வரி போதும்: 17.3 சதவீதம், 3 இடங்கள்.