திருகோணமலை வெயிலும் ஆண்கள் எடுத்துவரும் பிழையான உடுப்புகளும்

கடற்கரைக்குப் போவதென்றால் உடுப்பைக் குறைக்க வேண்டும் என்று யார் சொல்லிக்கொடுத்தார்களோ தெரியாது. ஆடி, ஆவணியில் லண்டனில் இருந்தும் டொரன்டோவில் இருந்தும் வருகிற எங்கள் பிள்ளைகளும் சரி, கொழும்பில் இருந்து நீண்ட வாரவிடுமுறைக்கு வருகிறவர்களும் சரி, பையைத் திறந்தால் கையில்லாத பெனியன் நாலு, தொடை தெரியும் காற்சட்டை மூன்று, அவற்றோடு ஒரு சம்பந்தமும் இல்லாமல் இரண்டு தடித்த ஜீன்ஸ். இரண்டாம் நாள் பார்த்தால் உப்புவெளிக் கடற்கரையில் தோள் சிவந்து, சட்டை போட்டாலும் எரிகிறது, கழற்றினாலும் எரிகிறது என்று நிற்பார்கள்.

அதே கரையில் கரைவலை இழுக்கிறவர்களைப் பாருங்கள். பலர் பழைய நீளக்கைச் சேட் போட்டிருப்பார்கள். தலையில் தொப்பியோ துவாயோ இருக்கும். வருடம் முழுக்க வெயிலில் நிற்கிறவர் மூடிக்கொள்கிறார், ஐந்து நாளுக்கு வந்தவர் திறந்துபோட்டுக்கொண்டு திரிகிறார். இந்த ஊருக்கு உடுப்புத் தெரிவதில் முதல் பிழை இதுதான். மற்றப் பிழைகளில் பாதி இதிலிருந்துதான் கிளைக்கிறது.

வெயிலை வெப்பமாக மட்டும் கணக்கெடுப்பது

திருகோணமலை நிலநடுக்கோட்டுக்கு வடக்கே எட்டரைப் பாகையில் இருக்கிறது. சித்திரைப் புத்தாண்டை ஒட்டி ஒருமுறையும் ஓகஸ்ட் கடைசியில் ஒருமுறையும் நடுப்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வரும். இடைப்பட்ட மாதங்களிலும் உச்சியை விட்டு 15 பாகைக்கு மேல் விலகாது. ஆக, விடுமுறைக்காலம் முழுக்க மதிய நிழல் உங்கள் காலடிக்குள்ளேயே கிடக்கும். கடற்காற்று அடித்தால் சூடு குறைந்த மாதிரி இருக்கும்; ஆனால் தோலைச் சுடுகிற புற ஊதாக்கதிர் காற்றுக்குக் குறையாது. வெள்ளை மணலும் தண்ணீரும் அதைத் திருப்பி முகத்தில் வேறு எறியும்.

அதற்கு மேல் கச்சான் காற்று இருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையை மலைநாட்டின் மேற்குச் சரிவில் கொட்டிவிட்டு, இந்தப் பக்கம் இறங்கும்போது காய்ந்து சூடேறி வருகிறது. மே முதல் ஓகஸ்ட் வரை பகலில் 34, 35 பாகை என்பது இங்கே சாதாரணம். கச்சான் வீசும்போது வியர்வை வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது, அப்படியே காய்ந்துவிடும். வியர்க்கவில்லையே என்று நினைத்துத் திறந்த உடம்போடு திரிகிறவருக்குத்தான் பின்னேரம் தலையிடி வரும். கொழும்பின் பிசுபிசுப்பான வெக்கைக்குப் பழகியவருக்கு இது புதிது. தளர்வான, மெல்லிய, உடம்பை மூடுகிற உடுப்பு இந்தக் காற்றுக்கு நல்லது. துணிக்கும் தோலுக்கும் நடுவே காற்றுப் போய்வர இடம் இருக்கவேண்டும். அதனால் வழமையாகப் போடும் அளவைவிட ஒரு அளவு பெரிதாகச் சேட் எடுங்கள். படத்துக்கு அவ்வளவு எடுப்பாக இராது, பரவாயில்லை.

ஒரே ரீசேட்டோடு கரையிலும் கடலிலும்

துணி விஷயத்தில் எல்லாரும் ஒரு வாய்ப்பாடு வைத்திருக்கிறார்கள்: கொட்டன் நல்லது, பொலியெஸ்டர் கூடாது. பாதிதான் சரி.

பருத்தி நூல் சாதாரண காற்றிலேயே தன் எடையில் ஏறக்குறைய 8 வீதம் ஈரத்தை வைத்திருக்கும். பொலியெஸ்டர் அரை வீதம்கூட வைத்திராது. அதனால்தான் கரையில் நடக்க, கடைக்குப் போக, மர நிழலில் சாய்ந்திருக்கப் பருத்தி சுகம். வியர்வையை உறிஞ்சி, மெல்ல ஆவியாக்கி உடம்பைக் குளிர வைக்கும். லினன் இன்னும் நல்லது, கசங்கும், கசங்கட்டும். ரேயோனும் மோசமில்லை. ஆனால் கடைப் பலகையில் லினன் என்று எழுதியிருப்பதை நம்பாமல் உள்ளே தைத்திருக்கும் சிட்டையைப் பாருங்கள்; பாதிக்கு மேல் பொலியெஸ்டர் என்று அதுவே சொல்லும் சேட்டுகள் நிறைய இருக்கின்றன.

கடலுக்குள் இறங்கினால் கதை மாறும். நனைந்த பருத்தி கனக்கும், தொங்கும், காய நேரமெடுக்கும். அதைவிடப் பெரிய குறை, வெயிலையும் உள்ளே விட்டுவிடும். துணி எவ்வளவு புற ஊதாக்கதிரைத் தடுக்கிறது என்பதற்கு யூ.பி.எஃப் என்று ஓர் அளவு உண்டு. 50 என்றால் ஐம்பதில் ஒரு பங்குதான் உள்ளே வரும். மெல்லிய வெள்ளைப் பருத்தி ரீசேட்டுக்கு அது ஐந்தாறு அளவில்தான் இருக்கும். நனைந்தால் இன்னும் இறங்கும். நிலாவெளிக்கு எதிரே கடலில் இருக்கும் புறாத்தீவில் முகமூடி போட்டுப் பவளப்பாறை பார்க்கிறவர் முதுகைச் சூரியனுக்குக் காட்டியபடி ஒரு மணித்தியாலம் மிதப்பார். தண்ணீர் குளிர்ச்சியாக இருப்பதால் முதுகு வேகிறது தெரியாது. அதற்கு நீளக்கை வைத்த லைக்ரா நீச்சல் மேற்சட்டைதான் வேண்டும். ஒன்று போதும், இந்தப் பயணத்தில் காசு செலவழிக்கத் தகுந்த ஒரே உடுப்பு அதுதான் என்பேன். முதுகை அது மூடிவிட்டால் பூசும் கிறீமும் குறையும். புறாத்தீவு 2003இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட இடம். கிறீம் கரைந்து பவளத்தில் படாமல் இருப்பது அதற்கும் நல்லது.

ஜீன்ஸ்

நீளமாக எழுத ஒன்றும் இல்லை. வேண்டாம். வழமையான டெனிம் துணி சதுர மீற்றருக்கு 400 கிராமுக்கு மேல் இருக்கும்; மெல்லிய பருத்திச் சேட்டுத் துணி அதில் மூன்றில் ஒரு பங்குதான். உப்புத் தண்ணீர் பட்ட ஜீன்ஸ் தொடையை உரசிப் புண்ணாக்கும். வியர்வையோடு இறுகினால் அடுத்த கிழமை படர்தாமரைக்கு மருந்து தேட வேண்டிவரும். மெல்லிய பருத்தி நீளக்காற்சட்டை இரண்டு எடுங்கள். பின்னேரம் நுளம்பு வரும் நேரத்துக்கும் அது உதவும்.

நனைந்த நீச்சல் காற்சட்டையோடேயே ஓட்டோ ஏறி, சாப்பிட்டு, இரவு வரை இருக்கிறவர்களுக்கும் இதே தண்டனைதான். மாற்றுக் காற்சட்டை பையில் இருக்கட்டும்.

சாரத்தை வீட்டில் விட்டுவிட்டு வருவது

ஓர் ஆண் இந்த ஊருக்குக் கொண்டுவரக்கூடிய மிகப் பயனுள்ள உடுப்பு சாரம். கரையில் உடுப்பு மாற்ற மறைப்பு, படுக்க விரிப்பு, இரவில் போர்வை. கன்னியா வெந்நீரூற்றில் ஏழு கிணறுகளில் இருந்தும் அள்ளி வார்க்கும்போது சாரம் கட்டி நிற்பதுதான் பார்க்கவும் மரியாதை. அங்கே குடும்பங்கள் வரும், இறந்தவருக்கு அந்தியேட்டிக் கிரியை முடித்தவர்கள் வருவார்கள். இறுக்கமான நீச்சல் காற்சட்டையோடு நடுவில் நிற்காதீர்கள். மருதமுனைக் கைத்தறிச் சாரம் கிடைத்தால் வாங்குங்கள், பல வருடம் உழைக்கும். வெளிநாட்டில் வளர்ந்த மருமக்களுக்கு ஒரு சொல்: கச்சானில் முடிச்சு நிற்கும் என்று உங்கள் கட்டை நம்பவேண்டாம், உள்ளே கட்டைக் காற்சட்டை போட்டுக்கொள்ளுங்கள்.

திருக்கோணேச்சரம் கோயிலுக்கு வேட்டிதான் பொருத்தம், இல்லாவிட்டால் நீளக்காற்சட்டை. முழங்காலுக்கு மேலே நிற்கும் காற்சட்டையோடு "நாங்கள் கடற்கரையால் வந்தனாங்கள்" என்று படியேறுவது சரிவராது. பருத்தி வேட்டி எடுங்கள்; பொலியெஸ்டர் கலந்தது உடம்போடு ஒட்டும். கோயில் இருக்கும் சுவாமி மலை உச்சியில் காற்று பலம், இடுப்புக்கு ஒரு பட்டி கட்டினால் இரண்டு கையாலும் கும்பிடலாம். செருப்பைக் கழற்றிவிட்டு மதியக் கல்லில் நடப்பதற்கு எந்த உடுப்பும் உதவாது. காலமை போங்கள். வழியில் இருக்கும் பிரெட்றிக் கோட்டைக்குள் மான்களும் அந்த நேரத்தில்தான் வழியோரமாக மேயும்.

துணியில் என்ன படம் இருக்கிறது என்று பாராதது

வெளிநாட்டில் இருந்து வருகிறவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்கவேண்டும். பச்சைப் புள்ளி போட்ட இராணுவப் பாணிக் காற்சட்டையும் தொப்பியும் அங்கே வெறும் நாகரிகம். இது கடற்படைத் தளமும் இராணுவ முகாமும் உள்ள ஊர். கோட்டை வாசலாலேதான் கோயிலுக்கே போகவேண்டும். வேண்டாத கேள்விக்கு நாமே ஏன் வழிவைப்பான்? புத்தர் படம் போட்ட உடுப்பையும் தவிருங்கள். கையில் புத்தர் பச்சை குத்தியிருந்ததற்காக 2014இல் பிரித்தானியப் பெண் ஒருவரை விமான நிலையத்தில் பிடித்து நாடுகடத்திய நாடு இது.

இதோடு சேர்த்து இன்னொன்று. நிலாவெளியில் கடற்கரையை விட்டு வீதிக்கு ஏறினால் அது ஒரு கிராமம். பள்ளிவாசல், கோயில், பள்ளிக்கூடம், வீட்டுப் படலைகள். மேலில் சட்டை இல்லாமல் கடைக்குப் போய்ச் சோடா கேட்கும் ஆம்பிளையை யாரும் ஏசமாட்டார்கள். ஆனால் பார்க்கும் பார்வை விளங்கும்.

தலையும் காலும்

கிரிக்கெட் தொப்பி நெற்றியை மட்டும் மறைக்கும். காதும் பிடரியும் கருகும். சுற்றிவர மூன்று அங்குல விளிம்பு உள்ள துணித்தொப்பி, அதுவும் நாடியில் கட்டும் கயிறு வைத்தது வேண்டும். கயிறில்லாத தொப்பி படகில் ஏறியதும் கடலுக்குப் போய்விடும்.

தோல் சப்பாத்தை உப்பு தின்றுவிடும். பாட்டா செருப்பு மணலுக்குச் சரி. ஆனால் புறாத்தீவின் கரையில் பாதிக்கு மணலே இல்லை, உடைந்த பவளத்துண்டுகள்தான். அங்கே குதிக்கால் பட்டி உள்ள இறப்பர்ச் செருப்பு இல்லாவிட்டால் கால் கிழியும். அதற்காகத் தண்ணீருக்குள் உயிருள்ள பவளத்தின் மேல் ஏறி நிற்கக்கூடாது, என்ன செருப்புப் போட்டிருந்தாலும்.

நிறத்தைப் பற்றி: சாம்பலும் இளநீலமும் வியர்வையை ஊருக்கே காட்டும். வெள்ளை காட்டாது, ஆனால் நனைந்தால் மற்றதையெல்லாம் காட்டும். கடும் நீலம், காவி, இலைப்பச்சை எதற்கும் ஒத்துவரும்.

திமிங்கிலம் பார்க்க விடியப்புறம் படகேறுகிறவர்கள் மெல்லிய காற்றுத்தடுப்பு மேலங்கி ஒன்று வைத்திருங்கள். வெயில் ஏறும்வரை குளிரும். கொழும்பில் இருந்து இரவு ஏ.சி. பஸ்ஸில் வருகிறவர்களுக்கும் அதேதான் போர்வை. மார்கழி விடுமுறைக்கு வருகிறவர்கள் இந்தப் பட்டியலையே நம்பவேண்டாம். அப்போது இங்கே வடகீழ்ப் பருவமழை, கடல் கொந்தளிக்கும், புறாத்தீவுப் படகும் ஓடுவது அரிது. ஒரு குடையும், சீக்கிரம் காயும் உடுப்பும் கொண்டுவாருங்கள். மற்றவற்றைத் துவைத்துப் போட்டால் மூன்று நாளானாலும் காயாது.