பூண்டுக் கொட்டகையில் ஆட்டைக் கட்டலாமா?

2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய நம் கொடைக்கானல் மலைப்பூண்டைத் தண்டோடு சேர்த்துக் கட்டி, அடுப்புப் புகை படுகிற பரணில் தொங்கவிட்டால் மாதக்கணக்கில் கெடாது. வடுகபட்டிப் பூண்டுச் சந்தையில் விலை படுத்துவிட்டதா? கிடக்கட்டும் என்று விட்டுவிடலாம். அந்த நினைப்பில்தான் விலை ஏறியதும் விற்கலாம் என்று முதன்முதலில் வாங்கிய 10 ஆடுகளையும் பூண்டுக் கொட்டகையிலேயே கட்டினேன். மூன்றாம் நாள் ஒன்று விடாமல் இருமியது.

முதல் வேலை, தீவனக் கணக்கு. 25 கிலோ ஆடு நாளைக்குச் சுமார் 3 கிலோ பசுந்தீவனம் தின்னும். பத்து ஆட்டுக்கு ஒரு வாரத்தில் 210 கிலோ. தண்ணீரும் ஆள்கூலியும் தனி. ஒரு வாரத்தில் ஏறும் விலை இந்தச் செலவைத் தாண்டுமா என்று பார்த்துவிட்டு ஆட்டை விற்காமல் வைத்திருங்கள்.

அடுத்தது இடம். நான் சறுக்கியது இங்கேதான். பூண்டுக்கு நல்லது செய்கிற புகை ஆட்டின் நெஞ்சைக் கெடுக்கும். குளிருக்குப் பயந்து நாலு பக்கமும் சாக்கு கட்டினால், மூத்திரத்திலிருந்து கிளம்பும் அம்மோனியா உள்ளேயே தங்கும். குத்தவைத்து உட்கார்ந்து, ஆட்டின் மூக்கு மட்டத்தில் மூச்சை இழுத்துப் பாருங்கள். கண் எரிந்தால் மேல்பக்கச் சாக்கை அவிழ்த்துவிடுங்கள். கீழே நேர்க்காற்று அடிக்கக் கூடாது, தரை காய்ந்திருக்க வேண்டும். ஆடு ஒன்றுக்கு 10 சதுர அடி விடுங்கள்.

சந்தையில் வாங்கி வந்ததை வீட்டு ஆடுகளோடு சேர்க்கவே வேண்டாம். அழுகின பூண்டு கண்ணுக்குத் தெரியும், பிடுங்கி எறியலாம். ஆட்டுக்கொல்லி என்ற தொற்றுநோய் வெளியே தெரியவே சில நாள் ஆகும். தண்ணீர்த் தொட்டியும் தனியாக இருக்கட்டும்.

எடை கூட்டுகிறேன் என்று திடீரென மக்காச்சோளத்தை அள்ளிப் போடாதீர்கள். வயிறு உப்பும், துள்ளுமாரி என்ற குடல் நோயும் வரலாம். பட்டினியும் போடக் கூடாது. வயிறு ஒட்டிய ஆட்டை இடுப்பைத் தொட்டதுமே வியாபாரி கண்டுபிடித்துவிடுவார்.

பூண்டை வாங்கிப் போட்டுவிட்டு விற்கும் நாளை யோசிக்கலாம். ஆட்டுக்கு, அய்யலூர் வியாழக்கிழமைச் சந்தை என்றால் எந்த வியாழன் என்பதை முதலில் குறித்துவிட்டு வாங்குங்கள். ஏற்றும் அன்று தண்ணீர் காட்டி, கொஞ்சம் தழை மட்டும் போடுங்கள். வயிறு முட்டத் தின்ற ஆடு மலை இறங்கும் வளைவுகளைத் தாங்காது.